மரை பிடிக்கும் கை

மரை போகும் கணம் முதலில் கைக்குத்தான் தெரியும். போல்ட் இறுகிக்கொண்டே வந்து, இன்னும் கால் சுற்றுதான் என்று நினைக்கும் இடத்தில் சட்டென்று கை இலேசாகும். ஸ்பேனர் சுற்றும், போல்ட்டும் சுற்றும், பிடிப்பு மட்டும் இருக்காது. கழற்றி எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களுக்குள் மெல்லிய அலுமினியச் சுருள் ஒன்று சுற்றியபடி வெளியே வரும். துளைக்குள் இருந்திருக்க வேண்டிய மரை அது.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். சத்தி ரோட்டில் கணபதியைத் தாண்டி ஒரு பட்டறை. மாலையிலும் விடுமுறையிலும் அங்கே போய்விடுவேன். முன்பக்கம் இரண்டு சக்கர வண்டிகள் நிற்கும். பின்பக்கம் ஒரு லேத், ஒரு ரேடியல் டிரில்லிங் மெஷின், ஹெட் ஃபேசிங் செய்ய ஒரு மெஷின், மூலையில் மண்ணெண்ணெய்த் தொட்டி. பட்டறை மேஸ்திரியை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவர்கள்கூட. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. மரை போன துளையோடு வண்டி வந்தால் மட்டும் முகம் கொஞ்சம் வாடும். யாரோ ஒருவர் அவசரத்தில் செய்த வேலை அது என்று அவருக்குத் தெரியும்.

அந்த மாதிரி வண்டிகள் நிறைய வரும். ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர், டிவிஎஸ் மொபெட் எல்லாவற்றிலும் இன்ஜினின் வெளிக்கூடு அலுமினிய வார்ப்பு. மேக்னட் கவர், கிளட்ச் கவர், டேப்பட் மூடி இவற்றைப் பிடிப்பவை பெரும்பாலும் 6 எம்எம் போல்ட்டுகளும் ஸ்குருக்களும். அலுமினியத்தில் அந்த 6 எம்எம் போல்ட்டை ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் போதும். சாதாரண பத்து-பதினொண்ணு ஸ்பேனரின் நீளம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் முனையில் ஏழு கிலோ அளவுக்கு இழுத்தாலே அந்த இறுக்கம் வந்துவிடும். வேலை செய்து உரமேறிய ஒரு கை யோசிக்காமலே இருபது கிலோவுக்கு இழுக்கும். ஆயில் ஒழுகுகிறதே என்று ஸ்பேனரில் பைப்பையும் மாட்டி இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கசிவுக்குக் காரணம் கேஸ்கெட்டில் இருக்கும், தண்டனை மரைக்கு.

"இறுக்கறதுக்குத்தான் போல்ட்டுன்னு நெனைக்காத கண்ணு. அது நீளறதுக்கு" என்பார் அண்ணா. முதலில் எனக்கு அது புரியவில்லை. பிறகு பாலிடெக்னிக் வகுப்பில் புரிந்தது. போல்ட்டை இறுக்கும்போது அது மிகச் சிறிய அளவில் இழுபட்டு நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் ஸ்பேனரில் கொடுக்கும் உழைப்பில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலேயே போய்விடும். மரையின் உராய்வு இன்னொரு பெரும்பங்கைத் தின்றுவிடும். பத்தில் ஒரு பங்குதான் உண்மையான பிடிப்பாக மிஞ்சும். அதனால் காய்ந்த மரைக்கென்று சொல்லப்பட்ட இறுக்கத்தை எண்ணெய் தடவிய மரைக்குக் கொடுத்தால், உராய்வு குறைந்து, பிடிப்பு நினைத்ததைவிட மிக அதிகமாகப் போய்விடும். இரும்புத் துளை அதைத் தாங்கிக்கொள்ளும். அலுமினியம் தாங்காது.

மரைகள் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதும் இல்லை. போல்ட்டின் தலைப்பக்கமிருந்து பிடிக்கும் முதல் மரையே மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கு அளவைத் தாங்குகிறது; அடுத்தடுத்தவை குறைந்துகொண்டே போகும். அந்த முதல் மரை மென்மையான உலோகத்தில் இருந்து அது விட்டுக்கொடுத்தால், சுமை இரண்டாவதன் தலையில் இறங்கும். அதுவும் போகும். வரிசையாகக் கழன்று வருவதைத்தான் கை ஒரே கணத்தில் உணர்கிறது. இரும்பில் போல்ட்டின் விட்டத்தளவு ஆழம் மரை இருந்தால் போதும். அலுமினியத்தில் ஒன்றரை, இரண்டு மடங்கு வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் துளையும் ஒன்றுதான். எவ்வளவு ஆழத்துக்கு மரை பிடித்திருக்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. எவரோ தொலைத்த போல்ட்டுக்குப் பதிலாகச் சற்றுக் குட்டையான ஒன்றை மாட்டியிருப்பார்கள். அது நான்கு மரையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் சூடு. சூடானால் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் உயர அலுமினியம் 70 டிகிரி சூடேறினால் 0.16 மில்லிமீட்டர் வளரும். அதற்குள் நிற்கும் இரும்பு போல்ட் 0.08 அளவுதான் வளர விரும்பும். மீதி வித்தியாசத்தை போல்ட் இழுபட்டுத்தான் ஈடுசெய்ய வேண்டும். அந்த இழுப்பை மரை தாங்க வேண்டும். வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும், இன்ஜின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. காரில், ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி இன்ஜின் கொதித்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

மரை போன துளைக்கு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. டெஃப்லான் டேப் சுற்றுவார்கள். வயரிலிருந்து ஒரு செம்புக் கம்பியை உருவித் துளைக்குள் விட்டு போல்ட்டை முறுக்குவார்கள். எம்-சீல் உருட்டி அடைப்பார்கள், அரால்டைட் ஊற்றுவார்கள். துளையின் வாய்ச் சுற்றிலும் பஞ்ச்சால் குத்தி உலோகத்தை உள்ளே நெருக்குவார்கள். எல்லாம் வண்டி பட்டறை வாசலைத் தாண்டும்வரை பிடிக்கும். சூட்டிலும் அதிர்விலும் இரண்டாவது வாரமே ஆயில் ஒழுக ஆரம்பிக்கும். அதைவிட மோசம், அடுத்து உண்மையாகச் சரிசெய்ய வருபவருக்குத் துளை முழுக்கப் பசையும் செம்பும் அடைத்துக் கிடக்கும். அந்தக் குப்பையை ஊசிமுனையால் சுரண்டி எடுத்த பிற்பகல்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

நேர்மையான வைத்தியம் ஒன்றும் உண்டு. 6 எம்எம் துளையைப் பெரிதாக்கி, மரை வெட்டும் கருவியான டேப்பால் 8 எம்எம் மரை போட்டுவிடுவது. பல பட்டறைகளில் இதுதான் வழக்கம். அண்ணாவுக்கு இது பிடிக்காது. துளையைச் சுற்றியிருக்கும் அலுமினிய மேடு ஏற்கெனவே ஒல்லியானது. அதைக் குடைந்தால் சுவர் இன்னும் மெலியும். கவரிலுள்ள துளையையும் பெரிதாக்க வேண்டும். வரிசையில் ஒரு போல்ட் மட்டும் வேறு அளவில் நிற்கும். அடுத்து கழற்றுகிறவர் வேறு ஸ்பேனர் தேடுவார், வேறு இறுக்கம் கொடுப்பார். "வண்டி எப்படி வந்துச்சோ அப்படியே அனுப்பணும்" என்பதில் அவர் மிகவும் பிடிவாதமாக இருந்தார். நானும் இன்றுவரை அப்படித்தான்.

அவர் செய்தது காயில் போடுவது. ஹெலிகாயில் என்று பேர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைச் சுருளாகச் சுற்றிய சிறு துண்டு. கம்பி உருண்டையாக இருக்காது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் டைமண்ட் வடிவம். வெளிவிளிம்பு அலுமினியத்தில் வெட்டிய மரையில் உட்காரும், உள்விளிம்பு போல்ட்டுக்கு மரையாக நிற்கும். அதற்கென்று தனி டேப் உண்டு. டூல்ஸ் கடையில் வாங்கிய அந்தப் பெட்டியை வெல்வெட் துணியில் சுற்றி, இறுக்கத்தை அளந்து கொடுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கும் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். விலை அதிகம் என்பதால் மட்டுமில்லை. அந்த டேப்பை வேறெந்த வேலைக்கும் யாரும் எடுத்துவிடக் கூடாது. கொஞ்சம் மழுங்கினாலும் மரை கிழியும்.

6 எம்எம் துளைக்கு முதலில் 6.3 டிரில். ஏற்கெனவே இருக்கும் துளையை டிரில்லால் பெரிதாக்கும்போது அலுமினியம் அதைப் பிடித்துத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். டிரில் நம் கையை மீறி ஓடிவிடும். அதைத் தடுக்க வெட்டும் விளிம்பின் கூர்மையை ஆயில் ஸ்டோனில் ஒரு இழுப்பு இழுத்து மழுக்கிக்கொள்வார். எந்தப் புத்தகத்திலும் நான் அதுவரை படித்திராத வித்தை. டிரில்லின் உடம்பில் நிறக் காகிதம் ஒட்டி ஆழத்துக்குக் குறி. துளை அடிப்பாகம் மூடியதா, கிராங்க்கேஸுக்குள் திறந்ததா என்று முதலில் ஒரு கம்பியை விட்டுப் பார்ப்பார். திறந்திருந்தால் வேலை வேறு மாதிரி: டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் நிரப்பிக்கொள்ள வேண்டும், தூள் உள்ளே விழாமல் கிரீஸிலேயே ஒட்டிக்கொண்டு வருவதற்காக. மூடிய துளையானால் மண்ணெண்ணெய் ஒரு சொட்டு. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நல்ல வெட்டு எண்ணெய்.

டேப்பை நேராகப் பிடிப்பதுதான் முழு வேலையும். ஒரு சிறு மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்பார். முதல் இரண்டு சுற்றுவரை பேசமாட்டார். பிறகு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது தூள் ஒடியும் மெல்லிய சத்தம் டேப் ஹேண்டில் வழியாக விரலுக்கு வரும். அது வரவில்லையென்றால் டேப்பை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி. முடிந்ததும் ஏர் அடித்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் காயில்.

காயிலின் வெளிவிட்டம் துளையைவிடக் கொஞ்சம் பெரிது. அதை மாட்டும் கருவியில் கோர்த்து முறுக்கும்போது சுருள் ஒடுங்கி உள்ளே போகும். விட்டதும் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். பசையே வேண்டாம். மேல் முனை துளை வாயிலிருந்து அரை மரையளவாவது கீழே போக வேண்டும். மேலே துருத்தினால் கவர் சரியாக உட்காராது. அடியில் குறுக்காக மடித்த ஒரு சிறு துண்டு இருக்கும், நாங்கள் நாக்கு என்போம். அதைப் பிடித்துத்தான் கருவி முறுக்கும். உட்கார்ந்த பிறகு ஒரு பஞ்ச்சை வைத்துச் சின்னத் தட்டு தட்டி ஒடித்துவிட வேண்டும். ஒடித்த நாக்கை எடுக்கும்வரை அண்ணா டீகூடக் குடிக்க மாட்டார். ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தில் சரியாக ஒட்டாது. ஒரு குச்சி முனையில் கிரீஸ் வைத்து ஒற்றி எடுப்போம். என் உள்ளங்கையில் அதை வைத்துக் காட்டிய பிறகுதான் அடுத்த வேலை. கிராங்க்கேஸுக்குள் விழுந்த ஒரு நாக்கு பல்சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவர் விளக்கியதில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

இப்படிப் போட்ட மரை பழையதைவிட உறுதியானது. இதை நான் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ரிப்பேர் செய்தது எப்படிப் புதியதைவிட உறுதியாக இருக்கும் என்று சந்தேகமாகவே பார்க்கிறார்கள். காரணம் எளிது. அலுமினியத்தில் வெட்டிய புது மரையின் விட்டம் பெரிது. அதனால் சுமை தாங்கும் பரப்பு அதிகம். போல்ட் உரசுவது ஸ்டீலில்; பல முறை கழற்றி மாட்டினாலும் எளிதில் தேயாது. சுருள் கம்பி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் முதல் மரை மேல் குவியும் சுமை அடுத்த மரைகளுக்கும் பரவுகிறது. விமானத் தொழிலில் அலுமினியம், மக்னீசிய வார்ப்புகளில் புதிதாகச் செய்யும்போதே இந்தக் காயிலைப் போட்டு அனுப்புகிறார்கள். அங்கே அது ரிப்பேர் இல்லை, வடிவமைப்பின் பகுதி.

பெரிய கம்பெனிகளும் இந்த மென்மையோடு போராடியிருக்கின்றன. போர்ஷே 911இன் கிராங்க்கேஸ் 1968 முதல் 1977 வரை மக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டது. சிலிண்டர் ஸ்டட்டுகள் அதிலிருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவது அந்த இன்ஜின்களை மறுபடி கட்டுகிறவர்களுக்கு நன்கு பழகிய விஷயம். எல்லாத் துளைகளிலும் ஸ்டீல் இன்சர்ட் போட்ட பிறகுதான் இன்ஜினை மூடுகிறார்கள். அமெரிக்காவில் 1993 மாடலாக வந்த காடிலாக் நார்த்ஸ்டார் வி8இன் அலுமினிய பிளாக்கிலும் ஹெட் போல்ட்டுகள் மரையை இழுத்துக்கொண்டு வந்தன. அதற்கென்றே கெட்டிச் சுவர் கொண்ட புஷ் செட்டுகள் விற்கப்படுகின்றன. சுருள் கம்பிக்குப் பதிலாக முழுக் குழாயாக இருக்கும் புஷ் அது. மேலே ஒரு விளிம்பு, கடைசிச் சில மரைகள் மாட்டும்போது விரிந்து பூட்டிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள்.

அதே 1993இல்தான் நம் ஊரில் மாருதி ஜென் வந்தது. முழு அலுமினிய இன்ஜின் என்பதே அதன் பெருமை. அதுவரை கார் பிளாக் என்றால் வார்ப்பிரும்பு என்று பழகிய பட்டறைகளுக்கு, பைக் இன்ஜினில் படித்த பாடத்தைக் காரிலும் படிக்க வேண்டிய காலம் வந்தது. அம்பாசிடரில் இழுத்த அதே இழுப்பை அலுமினிய பிளாக்கிலும் இழுத்தவர்கள் உண்டு.

அந்த மாதிரி ஒரு காரைத்தான் மேட்டுப்பாளையத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்தார். மலையேறும்போது ஹோஸ் கிழிந்து இன்ஜின் கொதித்திருக்கிறது. வேறொரு இடத்தில் ஹெட் கேஸ்கெட் மாற்றினார்கள். கொஞ்ச நாளில் மறுபடி தண்ணீர் குறைய ஆரம்பித்தது. மறுபடி கேஸ்கெட். ரேடியேட்டரில் கூலன்ட் இல்லை, போர்வெல்லின் உப்புத் தண்ணீர். எங்களிடம் வந்தபோது சைலன்சரில் வெள்ளையாக ஆவி வந்தது.

ஹெட் போல்ட்டுகளைக் கழற்றும்போது அண்ணா என்னையும் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னார். சில போல்ட்டுகள் சரியாக முனகிக்கொண்டு விட்டன. இரண்டு, இறுக்கமே இல்லாமல் சுற்றிக்கொண்டு வந்தன, அலுமினியச் சுருளோடு. இன்னொன்றின் மரையில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் கசிந்தால் அலுமினியம்தான் அரிபடும். அந்த அரிப்பின் மிச்சம் அந்தப் பொடி. கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் நிற்காததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. கேஸ்கெட்டை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லை.

"வேற எடத்துல பிளாக்கே மாத்தணும்னு சொல்றாங்க" என்றார் ஆசிரியர். ஒரு வருஷச் சேமிப்பு போய்விடுமோ என்ற கவலை குரலில் இருந்தது.

"மாத்த வேண்டாங்க சார். கொஞ்சம் டைம் மட்டும் குடுங்க. எல்லாத் துளையும் காயில் போட்டுத் தர்றனுங்க."

"ரெண்டுதானே போயிருக்கு?"

"போனது ரெண்டுங்க. மத்ததும் அதே சூட்டுலதானுங்க இருந்துச்சு. ரெண்டை மட்டும் பலமாக்கினா, அடுத்தது பக்கத்துல இருக்கறது போகும். மறுபடி ஹெட்டைக் கழட்டோணும்."

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. இரண்டு துளைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தால் அன்று யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆசிரியர் கொஞ்ச நேரம் பிளாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

இன்ஜினை வண்டியிலேயே வைத்துக் கை டிரில்லால் செய்துவிடலாம் என்று பட்டறையிலேயே ஒருவர் சொன்னார். அண்ணா கேட்கவில்லை. இன்ஜினை இறக்கி, பிளாக்கை ரேடியல் டிரில் மேசையில் ஏற்றினோம். ஹெட் உட்காரும் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம், வளைவு இல்லை. அப்புறம் அவர் லேத்தில் ஒரு பின் கடைந்தார். மேல்முனை மெஷினின் சக்கில் போகும், கீழ்முனை பிளாக்கின் துளை வாயில் சரியாக உட்காரும். ஸ்பிண்டிலை இறக்கி அந்தப் பின் எங்கும் உரசாமல் துளைக்குள் போய் வரும்வரை பிளாக்கை நகர்த்தி நகர்த்திப் பூட்டுவார். பூட்டிய பிறகு பின்னைக் கழற்றி டிரில், டிரில்லைக் கழற்றி டேப். மெஷினை அணைத்துவிட்டு டேப்பைச் சக்கோடு கையாலேயே சுற்றுவார். ஸ்பிண்டில் நேராக இருப்பதால் டேப் சாயவே முடியாது. ஒரு துளை முடிந்ததும் அடுத்த துளைக்கு மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் மையம் பிடிக்கத்தான் நேரம் போனது. வெட்டு நிமிடங்களில் முடியும்.

அந்த இடத்தில் கெட்டிச் சுவர் புஷ் ஏன் போடவில்லை என்று கேட்டேன். அவரே லேத்தில் கடைந்துவிடக்கூடியவர். பிளாக்கின் வாட்டர் ஜாக்கெட் துளையைக் காட்டினார். ஹெட் போல்ட் துளைக்கும் தண்ணீர் ஓடும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் மெல்லியது. 10 எம்எம் போல்ட்டுக்கு நல்ல கனத்தில் புஷ் போட 14 எம்எம் அளவுக்குக் குடைய வேண்டும். காயிலுக்கு 10க்குச் சற்று மேலே போனால் போதும். இடம் இருக்கிற வார்ப்பில் புஷ் நல்லது, ஸ்பார்க் பிளக் துளை மாதிரி அடிக்கடி கழற்றும் இடத்தில் மிகவும் நல்லது. இங்கே இடம் இல்லை.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். ஹெட் போல்ட் துளையில் மரை மேலிருந்தே தொடங்குவதில்லை. வாயில் சில மில்லிமீட்டர் மரையில்லாமல் அகலமாக விட்டிருப்பார்கள். மரை முகப்பிலிருந்தே தொடங்கினால், போல்ட் இழுக்கும்போது விளிம்பு மேலே புடைத்து கேஸ்கெட்டைத் தூக்கிவிடும். அதனால் காயிலும் அந்த அகல வாய்க்குக் கீழே, மரை தொடங்கும் இடத்தில்தான் உட்கார வேண்டும். போல்ட் விட்டத்தில் இரண்டு மடங்கு, அதாவது 20 மில்லிமீட்டர் நீளக் காயில்களை அதற்காகவே வாங்கி வந்தோம்.

துளைகளைக் கழுவும் வேலை எனக்கு. மண்ணெண்ணெய், பிரஷ், ஏர். கழுவியது போதும் என்று நான் நினைத்த பிறகும் அவர் வெள்ளைத் துணியை ஒரு குச்சியில் சுற்றி விட்டுப் பார்ப்பார். அடிமூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழியிருக்காது. திரவம் அமுங்காது. போல்ட் இறுகுவது போலத் தெரியும், டார்க் ரெஞ்ச் கிளிக் என்று பொய் சொல்லும். இன்னும் இழுத்தால் பிளாக்கே வெடிக்கும். அதனால் எண்ணெய் போல்ட் மரையிலும் தலைக்கு அடியிலும் மெல்லிய பூச்சாக மட்டும். துளைக்குள் ஒரு சொட்டும் இல்லை.

பழைய போல்ட்டுகளை வெர்னியரில் அளந்தபோது சில நீண்டுபோயிருந்தன. புதிய செட் வாங்க வைத்தார். ஹெட்டை உட்கார வைத்து, எல்லா போல்ட்டையும் விரலால் முடிந்தவரை இறக்கினோம். விரலால் இறங்காத போல்ட்டை ஸ்பேனரால் இறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். போல்ட்டை முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். மரையின் தொடக்கம் சந்திக்கும் இடத்தில் அது சிறிதாக ஒரு படி இறங்கும், விரலில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். கோணலாக மரை பிடிக்க இந்த வழியில் வாய்ப்பு மிகக் குறைவு. நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையைப் புத்தகம் பார்த்து நான் சொல்லச் சொல்ல, அவர் மூன்று கட்டமாக இறுக்கினார். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு போல்ட்டும் உறுதியாக நின்று கிளிக் கொடுத்தது. ஒரு துளைகூடத் தயங்கவில்லை. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைத் தேர்வு முடிவுகள்கூடத் தந்ததில்லை.

வேலை முடிந்ததும் அவர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. காயில் போட்ட ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில், கேஸ்கெட் படாத இடமாகப் பார்த்து, சென்டர் பஞ்ச்சால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். ஹெட் போல்ட் என்றால் பிளாக்கின் வெளிப்பக்கத்தில் வரிசையாக. பில்லிலும் எழுதுவார்: எந்தத் துளை, என்ன அளவு, எவ்வளவு நீளக் காயில். வண்டிக்காரர் அதைப் படிக்கப் போவதில்லை. பத்து வருஷம் கழித்து அதே இன்ஜினைத் திறக்கப்போகும், யாரென்றே தெரியாத ஒரு மெக்கானிக்குக்காக அது. ரிப்பேர் செய்ததை மறைத்து வைப்பதில் எனக்கு எப்போதும் உடன்பாடு கிடையாது. அந்தப் பழக்கம் அந்தப் புள்ளிகளிலிருந்து வந்தது.

ஒடிந்த டேப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், மரை வேலையில் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். வேறு பட்டறையில் 5 எம்எம் டேப் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஒரு மொபெட் கவர் ஒருமுறை வந்தது. டேப்பும் டிரில் அளவுக்கே கடினம். அதைத் துளைக்கப் போனால் டிரில் விலகி அலுமினியத்தைத்தான் குடையும். அண்ணா நாட்டு மருந்துக் கடையிலிருந்து படிகாரம் வாங்கிவரச் சொன்னார். ஒரு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, கரையுமட்டும் படிகாரம் போட்டு, கவரை அதில் முழுகவைத்துச் சிறு தீயில் வைத்தார். படிகாரக் கரைசல் புளிப்புத் தன்மை கொண்டது. அது இரும்பை மெல்ல மெல்லத் தின்னும். தன் மேல் ஆக்சைடு படலம் போர்த்திய அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது. ஒடிந்த டேப்பிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பிக்கொண்டே இருந்தன. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டிருந்தோம். மறுநாள் பார்த்தபோது டேப் கறுப்புச் சேறாகக் கரைந்து உதிர்ந்தது. கவரின் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். கழற்றி எடுத்துச் சட்டியில் போட முடிகிற சின்னப் பாகத்துக்குத்தான் இந்த வழி. ஸ்டெயின்லெஸ் ஒடிந்திருந்தால் இது உதவாது. பிளாக்கில் ஒடிந்தால் ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் இடத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கோயமுத்தூரில் டை செய்கிற பட்டறைகள் அதற்கு உண்டு.

போன மழைக்காலத்தில் திருப்பூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். பைக்கின் ஆயில் டிரெயின் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சர்வீஸ் செய்த இடத்தில் கிராங்க்கேஸ் மாற்றச் சொல்கிறார்கள், இன்ஜின் முழுக்கப் பிரிக்க வேண்டுமாம் என்றான். "மாமா, மாத்திடட்டுமா?" என்று கேட்டான். ஒரு துளைக்காக நல்ல வார்ப்பு முழுவதையும் தூக்கி எறிவதா? வேண்டாம் என்றேன். டிரெயின் துளை இன்ஜினின் அடிமட்டத்தில் கெட்டியான மேட்டில் இருப்பது. புஷ் போடத் தாராளமாக இடம் இருக்கும். 12 எம்எம் டிரெயின் போல்ட்டானால் அதற்குப் புஷ் கடைந்து தருகிற லேத் திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது என்று சொல்லி, எந்த மாதிரிப் பட்டறைக்குப் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று விளக்கினேன். டேப்பில் கிரீஸ் வைக்கிறார்களா என்று பார். வேலை முடிந்ததும் கொஞ்சம் மலிவான ஆயிலை மேலிருந்து ஊற்றிக் கீழே ஓடவிட்டுத் தூளைக் கழுவச் சொல். புஷ்ஷின் விளிம்புக்கு மேல் செம்பு வாஷர் சமமாக உட்காருகிறதா என்று பார். போல்ட்டை விரலாலேயே முழுக்க இறக்கிக் காட்டச் சொல்.

சாயங்காலம் போட்டோ அனுப்பினான். வேலை சுத்தமாக இருந்தது. பக்கத்தில் ஒரு பஞ்ச் புள்ளி வைக்கச் சொல்லடா என்றேன். எதுக்கு மாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் லேத்துக்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டான். அவரிடம் காரணம் சொன்னேன். "நல்ல யோசனைங்க" என்றார் அவர். இனி தன் பட்டறையில் எல்லா வேலைக்கும் வைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, புள்ளி எந்தப் பக்கம் வர வேண்டும், போல்ட்டுக்கு மேலேயா பக்கவாட்டிலா என்று கேட்டார்.